மைல்கல் அருகே நின்றவளின் பெயர்

என் தங்கை வீட்டை நிறைத்திருந்த அன்பு மாப்பிள்ளைக்கு,

உங்கள் பதினாறாம் நாள் காரியம் குறைவின்றி நடந்தது. தங்கை சரோஜா இப்போது இரண்டு வேளையாவது சாப்பிடுகிறாள். குன்றத்தூர் வீட்டு வாசலில் போட்ட பந்தல் போதாமல் தெருவிலும் இலை விரித்தோம். வந்தவர்களில் பாதிப்பேர், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள். கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை பார்த்த ஒருவரால் இத்தனை பேரை எப்படிச் சேர்க்க முடிந்தது?

விசாரித்தேன். ஞாயிறு காலைகளில் பெங்களூர் ரோடு டீக்கடைக்குப் புதிதாக வரும் எவனையும் தோளில் கைபோட்டு அழைத்துப்போய், பெயர், ஊர், படிப்பு எல்லாம் மற்றவர்களிடம் சொல்லுவீர்களாம். மிச்சத்தை அவர்களே பேசிக்கொள்வார்கள். எங்கே ஆள் எடுக்கிறார்கள், எந்த சூப்பர்வைசர் சிடுமூஞ்சி என்பதெல்லாம் டீ ஆறுவதற்குள் தெரிந்துவிடுமாம். அழகான ஏற்பாடுதான். அதனால்தான் என் கோபம் இன்னும் ஆறவில்லை.

என் மகள் மாலதி எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தபோது உங்களிடம் வந்தேன். கல்லூரிப் பேராசிரியரான என் எம்.ஏ. பட்டத்தைக் காட்டினால் இந்தப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலைக் கதவும் திறக்காது. யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். சிரித்தீர்கள்.

“வார்த்தை எல்லாம் வேணாம் மச்சான். ஞாயித்துக்கெழம டீக்கடைக்கு அனுப்புங்க. பசங்களோட பழகினா வேலை தானா வரும்.”

அனுப்பினேன். சாலையோர மைல்கல் அருகே ஃபைலை அணைத்துக்கொண்டு நின்றாளாம். பையன்களின் பேச்சு நின்றுபோனது. “பஸ்ஸுக்கா நிக்கற? இங்க நிக்காதும்மா, அங்கதான் நிக்கும்” என்றார் கடைக்காரர். நீங்கள் வெளியே வந்தீர்கள். “வெயில்ல நிக்காதம்மா, வூட்டுக்குப் போ, அத்தை கீறா” என்றீர்கள். அதன்பின் பத்து கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட்டாள். ஒரு பதிலும் வரவில்லை.

காரியத்தன்று அவள் யாரையும் கேட்காமல் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டாள். பரிமாறும் பெண்ணை யார் தடுப்பார்கள்? ஒவ்வொரு இலை முன்னும் நின்றாள்.

“அக்கா, ரசம்.”

“ரசம் வரும். உங்க கம்பெனில போர்டு டெஸ்டிங் யார் பாக்கறாங்க?”

“இன்னாக்கா, எலைல உக்காந்தவன இண்டர்வியூ பண்றியே!”

“பதில் சொல்லுடா,” என்றான் பக்கத்து இலைக்காரன். “இல்லாட்டி உனுக்குப் பாயசம் கெடையாது.”

அவன்தான் உங்கள் டீக்கடைக் கூட்டத்து ஏகாம்பரம். அவளுக்கு இரண்டு வருடம் முன்னால் அதே படிப்பை முடித்தவன். அவளை உற்றுப் பார்த்தான்.

“நீ அன்னிக்கு மைல்கல்லாண்ட நின்ன பொண்ணு இல்ல? அவரோட மச்சான் பொண்ணா நீ? அவரு சொல்லவே இல்லியே! நாங்க யாரோன்னு இருந்துட்டோம். எங்க டெஸ்டிங்ல ஆள் கேக்கறாங்க. நாளைக்கு வா, சூப்பர்வைசராண்ட நானே கூட்டிகினு போறேன்.”

மாப்பிள்ளை, ஊர் பேர் தெரியாத பையன்களுக்கெல்லாம் பெயர் சொல்லி அறிமுகம் செய்த உங்களுக்கு, உங்கள் வீட்டில் ஓடி விளையாடிய பெண்ணின் பெயர் ஏன் வாயில் வரவில்லை? அவளை நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அஞ்சினீர்களா? உங்களைப் பேசுவார்கள் என்றா? அல்லது தொழிற்சாலைக்குள் போகவேண்டியவளாக அவளை நீங்கள் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததே இல்லையா? கோபத்தை விலக்கி வைத்துவிட்டுக் கேட்கிறேன். எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

சூப்பர்வைசர் ஒரு பழுதான எலக்ட்ரானிக் போர்டைக் கொடுத்தாராம். பிழையைக் கண்டுபிடித்துவிட்டாள். இந்தத் திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தாள். அவளோடு படித்த இருவர் இப்போது அவளைத் தேடி வருகிறார்கள். ஞாயிறன்று அவர்களை அந்த டீக்கடைக்கே அழைத்துப் போகிறாளாம். தொண்ணூற்றொன்றாம் வருஷம் பிறந்த பிறகும் மூன்று பெண்கள் அங்கே டீ குடித்தால் சாலையே திரும்பிப் பார்க்கும். பார்க்கட்டும்.

நானும் போகிறேன். “இவள் பேராசிரியர் மகள்” என்று சொல்ல என் நாக்கு துடிக்கும், எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். அவர்கள் மூவரும் தங்கள் பெயரைத் தாங்களே சொல்லி முடிக்கும்வரை அந்த மைல்கல் அருகே வாய் திறக்காமல் நிற்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இன்னும் கோபம் தீராத,
உங்கள் மச்சான்