நாலு மில்லிமீட்டர் தண்ணீர்

கிட்வாய் நகர், புது தில்லி
12.6.2003

அன்புள்ள வடிவாம்பாளுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

ஆய்வகத்தில் ஒரு சின்னத் தகராறு, பயப்படாதே. அலை எழுப்பிப் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியின் அடியில் புள்ளிகள் அச்சிட்ட தாளை ஒட்டி, மேலிருந்து கேமராவில் படமெடுக்கிறோம். அலை போகும்போது புள்ளிகள் நகர்வதுபோல் தெரியும். அந்த நகர்வையும் தண்ணீரின் ஆழத்தையும் வைத்து அலையின் வடிவத்தைக் கணக்கிடுவார்கள். காலையில் அளந்த ஆழத்தையே மாலைப் படங்களுக்கும் போட்டிருந்தார்கள். நான் அளவுப் புத்தகத்தில் கையெழுத்திட மறுத்தேன்.

"அங்கிள், கேமரா பொய் சொல்லாது. ஜல்தி கையெழுத்துப் போடுங்க" என்றாள் டாக்டர் ஷ்வேதா. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

"கேமரா சொல்லாதும்மா. காலையில இருந்த தண்ணி இப்ப இருக்கா?" என்று ஸ்டீல் ஸ்கேலை இறக்கினேன். ஐந்து சென்டிமீட்டரில் நாலு மில்லிமீட்டர் குறைந்திருந்தது. ஜூன் மாத அனல் குடித்துவிட்டது. பத்தாவது படித்தவன் சொன்னதற்காக அத்தனை கணக்கையும் மறுபடி போட்டாள்.

இன்று அறிக்கை வந்தது. மூன்று பெயர்கள் இருக்கின்றன, என் பெயர் இல்லை. இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான். என் பெயரைச் சேர்க்கும்வரை அளவுப் புத்தகத்தில் இனிக் கையெழுத்து கிடையாது என்று நாளை சொல்லப்போகிறேன். வேலை நீட்டிப்பு அவள் கையில்தான் இருக்கிறது. கிடைக்காவிட்டால் அடுத்த மாதமே ஊருக்கு வருவேன். 'விட்டுக்கொடுங்கள்' என்று மட்டும் எழுதாதே.

மற்றதை எழுது, கொஞ்சம் நீளமாக. உன் போன கடிதம், நிறுத்தத்தில் படிக்கப் படிக்க, பஸ் வருவதற்குள் தீர்ந்துவிட்டது.

தபால் எடுக்கும் நேரம்.

கலியமூர்த்தி