பக்கத்து அறைக்கு மஸ்கட் வழியாக

மைசூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் காளிதாசுக்கு அம்மா எழுதிக்கொண்டது. மாதேசுவரன் புண்ணியத்தில் மஸ்கட்டில் உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும். இங்கே நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை, சாப்பிடுகிறேன், படுக்கிறேன், அவ்வளவுதான். அப்பா போய் நாற்பத்தோரு நாள் ஆகிறது. ஃபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய், ஃபோனில் சொன்னால் நீ சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய். மூணாங்கிளாஸ் படிப்பு, எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துப் படி.

அன்றைக்கு யார் யார் இருந்தோம் என்று முதலில் எழுதிவிடுகிறேன், நாளைக்கு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது. உள் அறைக் கட்டிலில் உன் அப்பா. அடுப்படியில் நான். கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டு மாதம்மா, போன உகாதிக்கு வாங்கிப்போன என் பித்தளைச் செம்பை அன்றுவரை திருப்பித் தராதவள். மாடியில் குடியிருக்கும் மஞ்சுநாத், படிக்கட்டில் உட்கார்ந்து ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் நீ. ஆமாம், என் காதில் ஃபோனில் நீயும் இருந்தாய். உன் அக்கா ரூபா அவள் வீட்டில் இருந்தாள், அவளைச் சேர்க்கக் கூடாது. ஐந்து பேர்தான்.

காலை ஒன்பது மணி. உன் அப்பா உள்ளேயிருந்து கூப்பிட்டார். நான் உன்னிடம், "உங்கப்பா என்னமோ கூப்படறாரு, என்ன வேணுமாம்னு கேளு சாமி" என்றேன். நீயும் ஆச்சரியப்படவில்லை, கேட்டுச் சொல்றேன் என்று என் ஃபோனை வைத்துவிட்டு அவர் ஃபோனுக்கு அடித்தாய். அடுப்படியிலிருந்து அந்தக் கட்டிலுக்குப் பதினோரு அடி, இப்போது தினமும் எண்ணிப் பார்க்கிறேன். பக்கத்து அறையில் இருக்கிற மனுஷனுக்கு என்ன வேண்டும் என்று மஸ்கட்டிலிருந்து நீ கேட்க வேண்டியிருந்தது. ஃபோன் அடித்து நின்றது, மறுபடி அடித்தது. படிக்கட்டிலிருந்து மஞ்சுநாத், "அஜ்ஜி, ஃபோன் எத்தி" என்று, ஃபோனை எடுங்கள் என்று கன்னடத்தில் கத்தினான். நான் மாதம்மாவிடம், "எடுக்க மாட்டாரு, வீம்பு" என்று சொல்லிக்கொண்டு கறிவேப்பிலை உருவினேன். மூன்றாம் தடவை அடித்தபோதுதான் போனேன். கை ஃபோன் மேலேயே இருந்தது. எடுக்கத்தான் தெம்பு இல்லாமல் போயிருக்கிறது. ஆம்புலன்சில் வந்தவர்கள் பேர் என்ன என்று கேட்டார்கள், புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள், அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. மாதம்மாதான் சொன்னாள்.

ஏன் பேசாமல் இருந்தோம் என்று உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், உனக்கு அப்போது பன்னிரண்டு வயசு. உன் அத்தை நஞ்சம்மா மகளுக்கு நம் வீட்டில் நிச்சயதார்த்தம். நான் பிறந்த ஊர் கௌதள்ளியில் எங்கம்மா செத்துப்போன சேதி காலையிலேயே மார்க்கெட்டில் உன் அப்பாவின் வெற்றிலைக் கடைக்கு வந்துவிட்டது. விசேஷம் கெட்டுவிடும் என்று உன் அப்பா மறைத்துவிட்டார். எங்கம்மா அங்கே கிடக்கையில் நான் இங்கே நாற்பது பேர் பாயசத்துக்கு முந்திரி வறுத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் சொன்னார். பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது மண் போட்டு முடித்திருந்தார்கள். அன்றைக்கு என்ன புடவை கட்டியிருந்தேன், யார் இன்னொரு கரண்டி பாயசம் கேட்டார்கள், எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அவர் முகத்தைப் பார்த்து நான் கேட்கவில்லை, தப்புதான் என்று அவரும் சொல்லவில்லை. அதிலிருந்து பத்தொன்பது வருஷம் நீதான் எங்கள் இரண்டு பேருக்கும் வாய். அம்மாவைச் சோறு போடச் சொல்லு, அப்பாவைக் குளிக்கச் சொல்லு என்று உன்னை நடுவில் நிறுத்தி வளர்த்தோம். நீ ஊரை விட்டுப் போன பிறகும் விடவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம், பதினாறாம் நாள் காரியத்தில் உன்னையும் ரூபாவையும் பார்த்ததுதான். ஒரே பாயில் உட்கார்ந்துகொண்டு அவள், "அம்மா, உம் மகன் காப்பி குடிப்பானான்னு கேளு" என்கிறாள். நீ, "வேண்டாம்னு அந்த மகராசிகிட்டச் சொல்லும்மா" என்கிறாய். டம்ளரோடு நடுவில் நின்ற நான் காப்பியை அடுப்படிக்கே திருப்பிக் கொண்டுபோனேன். ரூபா மகள் சைத்ராவுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி வேண்டும் என்று அவள் காத்திருந்தாள், நீ வரவில்லை, லீவு கிடைக்கவில்லை என்று அவளிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னாய். ஊரார் எதிரில் பங்காளி மடியில் பிள்ளையை உட்கார வைத்தாள். அவள் கோபம் கோபம்தான், நானாக இருந்தாலும் மறந்திருக்க மாட்டேன். ஆனால் நாலு வருஷமாக அந்தக் கோபத்தை உன்னிடம் சொல்லாமல் என்னிடம் சொல்லி என்ன பிரயோசனம்.

அதனால் கேட்டுக்கொள். இனி உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் சேதி சுமக்க மாட்டேன். ரூபாவிடம் உனக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. ஆஸ்பத்திரி சமாச்சாரம், நல்ல சேதி இல்லை. தம்பிக்குச் சொல்லாதே என்றாள், சொல்லு என்றுதான் அதற்கு அர்த்தம், எனக்குத் தெரியாதா. ஆனாலும் என்ன நோவு என்று நான் எழுதப் போவதில்லை. பதினெட்டாம் தேதி அவளை ஆபரேஷனுக்கு உள்ளே எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதற்கு முன்னால் நீயே அவளுக்கு ஃபோன் போடு. முதலில் திட்டுவாள், வைத்துவிடாதே, திட்டி முடிக்கட்டும். லீவு கதை பேசாதே. வராதது தப்பு என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லு. அப்புறம் சும்மா இரு, அவளே பேசுவாள். எனக்கும் இதெல்லாம் புதுசுதான். போன வாரம் மாதம்மாவிடம் செம்பை நேராகவே கேட்டேன், கொண்டுவந்து தந்துவிட்டாள், அடியில் ஒடுக்கு. ஒரு வருஷமாகத் தெருவெல்லாம் சொன்னேன், அவளிடம் கேட்கத் தோன்றவில்லை பார்.

இன்னொன்று. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, மாதம்மாவும் சொல்லவில்லை. உன் அப்பா அன்றைக்கு உன்னைக் கூப்பிடவில்லை, எப்போதும் போல வீட்டில் யாரது என்றும் கேட்கவில்லை. "கமலம், இங்க வா புள்ள" என்றார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. தெளிவாகக் காதில் விழுந்தது. மாதம்மா, "அக்கா, உங்களத்தான் கூப்படறாரு" என்றாள். நான் போகவில்லை. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று நின்றேன்.

வேளைக்குச் சாப்பிடு. வெயிலில் தலையில் துணி இல்லாமல் வேலைக்கு நிற்காதே. நீயும் உன் பிள்ளைகளும் ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நூறு வருஷம் இருக்க வேண்டும். பதினெட்டாம் தேதி, மறக்காதே.

இப்படிக்கு,
உன்னைப் பெத்தவள்
கமலம்மாள்

இதை ஒட்டுவதற்கு முன் இன்னும் ஒரு வரி. நஞ்சம்மாவைக்கூட மன்னித்துவிட்டேன். இரண்டாம் தடவை கூப்பிடாமல் போன ஒருத்தரை மட்டும் நான் மன்னிக்கப் போவதில்லை. அவர் பேரை வாயால் சொன்னதில்லை, கையால் எழுதியதும் இல்லை, இன்றைக்கு எழுதுகிறேன்: நஞ்சுண்டசாமி.