சந்தனப் பொட்டு வைத்த பெட்டகம்

4 மே, திங்கள்

தூறல். அதிகாலை ஷிப்ட். முதல் ஓட்டத்தில் என் பஸ்ஸில் ஏறியது நாய்க்கார அம்மாவும் நாயும் மட்டும். நாய் வாலாட்டி வணக்கம் சொன்னது. அம்மா சொல்லவில்லை.

வேலைகள்: பாண். மோர்மிளகாய். குசினி பல்ப். புதன்கிழமைக்கு லீவு சொல்ல வேண்டும், பெட்டகம் வருகிறது.

பெட்டகம் எதற்கு என்பதை எழுதிப் பார்க்கிறேன், எழுதினாலாவது நம்புவேனா என்று. என் மனைவி சுகந்தி ஒரு துவக்கு, சுடுகிற துவக்கேதான், வாங்கப் போகிறாள். பொய்ப்பல் செய்யும் ஆய்வுகூடத்தில் வேலை அவளுக்கு. கூட வேலை செய்யும் பெட்ரா போன வருடம் இவளைத் தங்கள் ஊர்ச் சூட்டுக் கழகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். இவள் கேக் தின்னத்தான் போனாள். போன முதல் நாளே கறுப்பு வட்டத்தின் நடுவில் சுட்டுவிட்டு வந்தாள். பல் பொருத்துகிற கை, ஆடவில்லையாம். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை என்றால் கோயில் இல்லை, கழகம். ஒரு வருடப் பயிற்சி, பரீட்சை, எல்லாம் பாஸ். இனிச் சொந்தத் துவக்கு. வீட்டில். படுக்கை அறைக்குப் பக்கத்து அறையில். ஜெர்மன் சட்டப்படி இரும்புப் பெட்டகத்தில் பூட்டி வைக்க வேண்டுமாம்.

“உங்களுக்கு ஓம்தானே?” என்று மாசியில் கேட்டாள். ஓம் என்றேன். அன்றிலிருந்து ஒழுங்கான நித்திரை இல்லை. அவளுக்கு அது தெரியாது.

6 மே, புதன்

வெயில்! பெட்டகம் வந்தது. கொண்டுவந்த இருவரும் கீழ்வாசலில் இறக்கிவிட்டு, மாடிக்கு ஏற்றுவது தங்கள் வேலை இல்லை என்று போய்விட்டார்கள். மேல்வீட்டு யோகன் அண்ணையைக் கூப்பிட்டேன். வேலையால் நின்று ஓய்வூதியத்தில் இருக்கிறார். நாரி நோ, குனிய ஏலாதாம். உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து.

“துவக்கு சுடுறேல்லையடா தம்பி, மனிசன்தான் சுடுறான்.” (மூன்றாம் படியில்)

“மனிசன் வெறுங்கையால சுட்டதை நான் காணேல்லை அண்ணை. தூக்குங்கோ.”

“அப்ப கத்திக்கு ஏன் லைசென்ஸ் கேக்கேல்லை?”

“கத்தியால தூரத்தில நிக்கிறவனைக் குத்த ஏலாது. ஐயோ, தூக்குங்கோ, என்ர கால்!”

நடுப்படியில் இருவரும் குந்தியிருந்து தண்ணீர் குடித்தோம். பிறகு அவரே சுவரில் துளை போட்டு ஆணி இறுக்கித் தந்தார். நாரி அவ்வளவு மோசம் இல்லைப் போலும்.

சுகந்தி வேலையால் வந்தாள். பெட்டகத்தைத் தடவினாள். நேரே சாமித்தட்டுக்குப் போனாள். கதவில் மூன்று விபூதிக் குறி, நடுவில் சந்தனம், மேலே குங்குமம். புதுக் காருக்கும் இப்படித்தான் செய்தாள், புதுக் குளிர்ப்பெட்டிக்கும் இப்படித்தான். புதுப் பெட்டகத்தை வெறுமையாகப் பூட்டக்கூடாதாம். நகை முழுவதும் உள்ளே போயிற்று.

“கள்ளருக்கும் எங்கட ஆக்களின்ர வீடுகளிலதானே கண். இனி எனக்கு நிம்மதி.”

பூட்டுக்கு ஒரு எண் வேண்டும். எங்கள் கலியாண நாளை வைத்தோம். யோகன் அண்ணைதான் அமத்திப் பார்த்து, “வேலை செய்யுது” என்றார். பிராங்பேர்ட்டில் இருக்கும் மகள் மிதுனாவுக்கும் எண்ணை அனுப்பினோம், நாங்கள் மறந்துபோனால் கேட்கலாம் என்று.

8 மே, வெள்ளி

நேற்றுச் செய்தியில் எங்கேயோ துவக்குச் சூடு. இன்று பஸ் முழுக்க அதே கதை. காதில் விழுந்தவை:

தொப்பிக்காரர்: “எல்லாவற்றையும் பறிக்க வேண்டும். ஒன்று விடாமல்.”

உருளைக்கிழங்குப் பையோடு ஒருவர்: “சட்டப்படி வைத்திருப்பவனிடம் பறித்து என்ன? களவாக வைத்திருப்பவன் கொண்டுவந்து தருவானா?”

ஒரு தாதி, வேலை உடுப்போடு: “பேச ஆளில்லாதவன்தான் கடைசியில் சுடுகிறான். முதலில் அதைப் பாருங்கள்.”

பின் சீற்றில் இருந்து: “பஸ் பிந்துவதுதான் காரணம்!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ரயில் கடவை மூடியிருந்தது, என் பிழை இல்லை.

பின்னேரம், கழகத்துக்குப் போகமுன் புட்டுக் குழைத்துக்கொண்டிருந்த சுகந்தியிடம் கேட்டேன், கழகத்துத் துவக்கே போதாதா என்று.

“அது எல்லாற்ற தோளுக்கும் பொதுவாச் செய்தது. எனக்குப் பெரிசு. நீங்கள் வேற ஆக்களின்ர சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஓடுவீங்களோ?”

“இல்லை, எண்டாலும்…”

“அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்க என்ர தலைக்குள்ள ஒரு சத்தமும் இல்லையப்பா. சமையல் இல்லை, மிதுனான்ர கலியாணம் இல்லை, ஒண்டும் இல்லை. மூச்சு மட்டும்தான். எனக்கு வேற எங்க அப்பிடி ஒரு இடம் இருக்கு, சொல்லுங்கோ பாப்பம்?”

தட்டை நீட்டினேன். புட்டு நல்லாயிருந்தது.

ஊரில், சண்டைக் காலம், எனக்குப் பத்து வயதிருக்கும். வீடு சோதிக்க வந்த ஆமிக்காரன் ஒருவன் எங்கள் குசினிச் சுவரில் துவக்கைச் சாத்திவிட்டுத் தண்ணீர் கேட்டான். குடித்தான். போனான். வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அவன் குடித்து முடிக்கும்வரை நாங்கள் ஒருவரும் மூச்சு விடவில்லை. அதற்குப் பிறகு அம்மா அந்தச் சுவரில் வீடு கூட்டுகிற தும்புத்தடியைக்கூடச் சாத்தியதில்லை. இதைச் சுகந்திக்கு நான் சொன்னதில்லை. சொன்னால் உடனே துவக்கு வேண்டாம் என்றுவிடுவாள். அந்த மூச்சு விடுகிற இடமும் அவளுக்கு இல்லாமல் போய்விடும்.

14 மே, வியாழன்

விடுமுறை. நல்ல வெயில். கழகத்தில் பறவைச் சூடு, முதல் தடவையாக நானும் போனேன்.

மரத்தால் செய்த பெரிய கழுகு, தலையில் கிரீடம், காலில் செங்கோல். உயரக் கம்பத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். வரிசையாகச் சுட்டுத் துண்டு துண்டாக விழுத்த வேண்டும். கடைசித் துண்டை விழுத்துபவர்தான் இந்த வருடத்து ராசா. ராசா ஊருக்கே பியர் வாங்கிக் கொடுக்க வேண்டுமாம். இதை விளங்கிக்கொண்டதும் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தேன், சுகந்திக்குக் கடைசித் துண்டு அகப்படக்கூடாது என்று.

முதல் வெடிச் சத்தத்துக்கே கோப்பி முழுவதும் என் காற்சட்டையில். கழகத் தலைவர் பிரிங்க்மான் துடைக்கத் துண்டு தந்துவிட்டுப் பக்கத்தில் அமர்ந்தார். பெரிய மீசை.

“சட்டத்தை இன்னும் இறுக்கப் போகிறார்களாம். ஏற்கனவே எங்களைக் குற்றவாளிகள் போலப் பார்க்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?”

“இறுக்கட்டும்,” என்றேன். மேசை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், ஆனால் தொடங்கியாயிற்று. “நான் பஸ் ஓட்டுகிறேன். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கண், உடம்பு, எல்லாம் சோதிக்கிறார்கள். நான் கோபிப்பதில்லை. பின்னால் இருப்பவர்கள் பயமில்லாமல் நித்திரை கொள்கிறார்கள்.”

மீசையைத் தடவினார். “சரி. ஆனால் எங்களிடம் துப்பாக்கியைப் பார்க்க வருவதுபோல் உங்கள் வீட்டுக்கு வந்து அலுமாரிக்குள் பஸ் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லையே!”

மேசை அதிரச் சிரிப்பு. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சுகந்தியின் முறை. கழுகின் இடது சிறகு முழுதாகக் கழன்று விழுந்தது. பாண்ட் வாசித்தார்கள். பெட்ரா அவளைத் தூக்கிச் சுற்றினாள். சுகந்தி சிரித்த சிரிப்பு! எங்கள் கலியாணப் படத்தில்கூட அப்படி இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, கோப்பி தெறித்தது என்று சொல்லிச் சமாளித்தேன்.

ராசா ஆனவர் பிரிங்க்மான். பிள்ளையாருக்கு நாளைக்கே தேங்காய்.

19 மே, செவ்வாய்

மழை. மடத்தனமாக ஒரு விசர் வேலை பார்த்துவிட்டேன்.

துவக்குக்கு அனுமதி தருவதற்கு முன் பெட்டகத்தைப் பார்க்க அதிகாரி வருவதாகக் குறித்த டெர்மின் இன்று. சுகந்தி வடை சுட்டாள். “லஞ்சம் எண்டு நினைக்கப் போறார்” என்றேன். “வடையும் ஒரு லஞ்சமோ?” என்றாள். வந்தவர் இளம் ஆள். சொல்லாமலே வாசலில் சப்பாத்தைக் கழற்றினார்.

சுவர் ஆணியை ஆட்டிப் பார்த்தார். சந்தனத்தைக் காட்டி இது என்ன என்றார். “சாமி. பாதுகாப்புக்கு,” என்றேன். அதையும் குறித்துக்கொண்டார்.

“திறந்து காட்ட முடியுமா?”

சுகந்தியின் கையெல்லாம் எண்ணெய். நான் முந்திக்கொண்டு போய்ப் பூட்டின் எண்ணை அமத்தித் திறந்தேன். பெரிய கெட்டித்தனம். உள்ளே அட்டியலும் காப்பும் பளபள என்று கிடந்தன.

“எண் உங்களுக்கும் தெரியுமா?”

“எல்லாருக்கும் தெரியும்! மகளுக்குத் தெரியும், மேல்வீட்டுக்காரருக்கும் தெரியும்…”

பேனாவை மூடி வைத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: அனுமதி உங்கள் மனைவிக்கு. எண் அவருக்கு மட்டும்தான் தெரிய வேண்டும். கணவருக்கும் தெரியக்கூடாது. இன்று உள்ளே நகை இருந்தபடியால் தப்பினீர்கள். துப்பாக்கி இருந்திருந்தால் இவரின் அனுமதி போயிருக்கும். மீண்டும் வந்து பார்ப்பேன். இப்போதைக்கு முடிவு இல்லை.

ஒரு நொடி எனக்குள் ஒரு சந்தோசம் எட்டிப் பார்த்தது. துவக்கு வராது! பிறகு சுகந்தியின் முகத்தைப் பார்த்தேன்.

அவர் போனபின் கேட்டாள்: “வேணுமெண்டு செய்தனீங்களோ?”

“பிள்ளையாராணை இல்லை.”

“உங்களுக்கு விருப்பமில்லை எண்டா மாசியிலேயே சொல்லியிருக்கலாம்.”

வடை அப்படியே கிடக்கிறது.

21 மே, வியாழன்

இரண்டு நாளாகச் சுகந்தியோடு கதை இல்லை. “சோறு மேசையில இருக்கு.” அவ்வளவுதான்.

மிதுனா போனில்: “அப்பா, உண்மையா அந்த ஆளுக்கு முன்னாலயே திறந்தனீங்களோ?” மூச்சு முட்டச் சிரித்தாள். பெற்ற பிள்ளை!

யோகன் அண்ணை படிக்கட்டில் மறித்து: “ஏன்ரா என்ர பேரையும் சொன்னனீ?”

23 மே, சனி

சொல்லிவிட்டேன். குசினிச் சுவர், தண்ணீர், தும்புத்தடி, எல்லாம். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாள்.

“இதை ஏனப்பா இவ்வளவு காலமும் சொல்லேல்லை? எனக்குத் துவக்கும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்.”

இதற்குத்தானே பயந்தேன்! ஆனால் இந்த நாலு நாளும் நானும் யோசித்திருந்தேன்.

“கேளும். அண்டைக்கு எங்கட வீட்டுக்கு வந்தவனை ஆரும் கேள்வி கேக்க ஏலாது. அவன் சப்பாத்தும் கழட்டேல்லை. இந்தப் பொடியன் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வந்து உம்மைக் கேள்வி கேட்டவன். எங்க வைப்பீர், ஆருக்கு எண் தெரியும் எண்டு. அந்தக் கேள்வி இருக்கிற வீட்டில துவக்கு இருக்கலாம். எண்ணை மாத்தும். எனக்குச் சொல்லவேண்டாம்.”

“எங்களுக்குள்ள ரகசியமே இருந்ததில்லையே.”

“இனி ஒண்டு இருக்கட்டும்.”

அழுதாள். வெங்காயம் என்று சொன்னாள். நான் கோப்பி என்று சொன்ன மாதிரி.

நகை அரிசி வாளிக்குள் போயிற்று. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் பீப், பீப் என்று சத்தம். “திரும்பாதேங்கோ!” என்று இரண்டு தரம் கத்தினாள். திரும்பவே இல்லை, சத்தியமாக.

2 ஜூன், செவ்வாய்

அதிகாரி மீண்டும். எண்ணைப் பற்றி என்னிடம் கேட்டார். “தெரியாது,” என்றேன். இவ்வளவு பெருமையாக நான் எதையும் தெரியாது என்று சொன்னதில்லை. எல்லாம் சரியாம். எழுந்து போகும்போது வடை ஒன்று சாப்பிட்டார். வாசலில் நின்று இன்னொன்று.

13 ஜூன், சனி

துவக்கு வந்தது. நீளப் பெட்டியில். சுகந்தி தூக்கித் தோளில் வைத்துக் காட்டினாள். அளவான துவக்கு. நான் கதவு நிலையில் நின்று பார்த்தேன். அறைக்குள் போகவில்லை. பிறகு உள்ளே வைத்துப் பூட்டினாள். துவக்குக்கும் பொட்டு வைத்திருக்கிறாள், தோளில் வைக்கிற அடிக்கட்டையில், சின்னதாக.

இரவு நித்திரை அரையும் குறையும்.

16 ஜூன், செவ்வாய்

வெக்கை. அதிகாலை ஷிப்ட் முடிந்து மத்தியானம் வீட்டில் தனிய. படுத்தேன். எழும்பினேன். படுத்தேன். அந்த அறைக்குப் போனேன்.

களவுக்கு இல்லை. எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது, பெட்டகம் எனக்கும் திறபடாது என்பது மெய்தானா என்று. மிதுனாவின் பிறந்தநாளை அமத்தினேன். இல்லை. சுகந்தியின் பிறந்தநாள். இல்லை. என்னுடையது. இல்லை. நாங்கள் ஜெர்மனிக்கு வந்த நாள். இல்லை. பழைய கலியாண நாளையும் ஒருதரம். பெட்டகம் கீச்சென்று கத்தியது, சிவப்பு வெளிச்சம் பிடித்தது, அணையவே மாட்டேன் என்றது. துவாயால் மூடிப் பார்த்தேன். துவாய்க்குள்ளாலும் சிவப்பு. கீழே கதவுச் சத்தம். இன்று பார்த்து அவளுக்கு வேலை நேரத்தோடு முடிந்திருக்கிறது.

வந்தாள். துவாயைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“எத்தினை தரம் அமத்தினீங்கள்?”

“நாலைஞ்சு தரம்.”

“திறபட்டதோ?”

“இல்லை.”

துவாயை எடுத்து மடித்தாள். கோபம் இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

“அப்ப இனியாவது போய் நித்திரையைக் கொள்ளுங்கோ. மாசியில இருந்து நீங்கள் புரண்டு புரண்டு எனக்கும் நித்திரை இல்லை.”

படுக்கப் போகிறேன்.