இருபத்திரண்டாம் பக்கத்துச் சாணி

அக்டோபர் 6, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. எதிர் வீட்டுக் கூரைக்கு அப்பால் குன்னூரே இல்லை.

பதினோரு மணிக்கு கூரியர். புத்தகத்தின் திருத்தப் பிரதி. பச்சை பிளாஸ்டிக் கவர், முகவரி தடித்த கறுப்பு மார்க்கரில், தமிழில்: ஜெசிந்தா, குன்னூர். சென்னையிலிருந்து எடிட்டர் வித்யா கைப்பட எழுதியது. இந்தக் காலத்தில் யார் தமிழில் முகவரி எழுதுகிறார்கள்? சந்தோஷமாக இருந்தது. கவரைப் பிரிக்கும் வரைதான்.

சாணிக்குக் கண் வைத்திருக்கிறார்கள்.

மலையில் இருக்கும் விலங்குகளின் எச்சத்தைப் பற்றிக் குழந்தைகளுக்கு ஒரு படப் புத்தகம். யார் போட்டது, என்ன தின்றது, எப்படிக் கண்டுபிடிப்பது. எட்டு மாதம் குனிந்து குனிந்து பொறுக்கி, கழுவி, உலர்த்தி, பார்த்து வரைந்தேன். சிறுத்தையின் எச்சத்தில் நாய்முடி எந்தப் பக்கம் சுருண்டிருந்ததோ அந்தப் பக்கமே என் படத்திலும். இப்போது அதற்கு இரண்டு கண், ஒரு சிரிப்பு, கன்னத்தில் ரோஸ் பவுடர். சாணிக்குக் கண் எதற்கு? அது எதைப் பார்க்கப் போகிறது? குமட்டிவிட்டது. எட்டு மாதம் சாணியை முகர்ந்தபோது வராத குமட்டல்.

செய்ய வேண்டியது:
– வித்யாவுக்கு போன். கத்தக் கூடாது.
– முள்ளம்பன்றி, பழுப்பு போதவில்லை.
– ப. 22, காட்டெருமை (இனி கா.எ., கை வலிக்கிறது). புது மாதிரி வேண்டும், பழையதில் பூஞ்சை.
– கையுறை. சோப்பு.

சாயங்காலம் முட்டைக்கோஸ் தோல், கேரட் தழை, பூசணம் பூத்த உப்பு நெல்லிக்காய், எல்லாவற்றையும் கூரியர் கவரில் அள்ளி வேலியோரம் ஒத்தக்கொம்பனுக்கு. பாவம், ஒரு கொம்பு முறிந்த கா.எ., தெருவுக்கே செல்லம். குப்பைத் தொட்டி வரை இந்த மழையில் யார் போவது? வாயைக் கட்டித்தான் வைத்தேன். இல்லாவிட்டால் குரங்கு இறைத்துவிடும்.

அக்டோபர் 7, செவ்வாய்

மழை விட்டது. வேலியோரம் துடைத்த மாதிரி சுத்தம். ஒரு தழை மிச்சமில்லை. கவரையும் காணோம், காற்று கொண்டுபோயிருக்கும்.

வித்யாவுடன் அரை மணி நேரம்.

"குழந்தைங்களுக்கு க்யூட்டா இருக்கணும் மேடம். அருவருப்பா இருந்தா பேரன்ட்ஸ் கையில எடுக்க மாட்டாங்க."

"சாணி சாணி மாதிரிதாங்க இருக்கும்."

கடைசியில் சிறுத்தைக்கும் கரடிக்கும் கண்ணை எடுக்க ஒப்புக்கொண்டார். முயலுக்கு மட்டும் இருக்கட்டுமாம். மீன் கடையில் பேரம் பேசுவது போல இருந்தது. முயலுக்கும் கூடாது என்றேன். கத்தினேன்.

கேஸ் சிலிண்டர் சொல்ல வேண்டும். இடது செருப்பு வார் போய்விட்டது.

அக்டோபர் 9, வியாழன்

நல்ல வெயில். பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் மணியக்கா வேலிக்கு அப்பால் நின்று கூப்பிட்டார். பள்ளிக்கூடத்தில் ட்ராயிங் சொல்லிக்கொடுத்ததை விட்டு நாலு வருடம், அவருக்கு நான் இன்னும் டீச்சர்தான்.

"ஏனுங்க டீச்சர், ஏழாம் நம்பர் தேயிலக் காட்டுல உங்க சாமான் கெடக்குதுங்க. இன்னும் சூடு ஆறல. வெரசா வாங்க."

ஓடினேன். கா.எ. சாணிதான். நல்ல அகலம், மேலே வண்டு வர ஆரம்பித்துவிட்டது. வாளியில் அள்ளி வந்து பின்பக்கக் குழாயடியில் கழுவினேன். இதற்கென்றே ஒரு சல்லடை, வீட்டுக்காரர் வேலை பார்க்கும் டீ ஃபேக்டரியில் கழித்துப் போட்டது. சாணி கரைந்து ஓட, தின்றது வலையில் நிற்கும். புல், விதை, முடி, எலும்பு. அப்படித்தான் எட்டு மாதமும் பார்த்தேன்.

இன்று நின்றவை: சிப்ஸ் பாக்கெட், மூன்று துண்டு. பால் கவரின் மூலை. நைலான் நூல், ஒரு முழம். குழந்தைக்குக் கட்டும் நாப்கினின் ஓரம்.

வாயில் எச்சில் ஊறி, குழாயடியிலேயே துப்பினேன். சாணியில் என்ன அசிங்கம்? நனைந்த புல் வாடைதான். இந்தப் பளபளப்புதான் அசிங்கம். பூஜை லீவுக்கு வந்த கூட்டம். போன வாரம் ரோட்டோரம் காரை நிறுத்திவிட்டு ஒரு ஆள், காதால் கேட்டேன்: "இங்கயே போடு, மாடு தின்னுடும்." தின்றுவிட்டது, வந்து பாருங்கள் ஐயா. நாசமாய்ப் போகிறவர்கள். பிளாஸ்டிக் கூடாதென்று செக்போஸ்டில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்குகிறார்கள், புத்தியை யார் சோதிப்பது?

இவர் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். "அந்தச் சல்லடையில ஒரு காலத்துல நல்ல தூள் சலிச்சோம், ஜெசி."

அக்டோபர் 10, வெள்ளி

மூட்டம். ப. 22 முழுவதும் புதிதாக. நடுவில் சாணி, சுற்றிலும் உள்ளே கிடைத்தவை, அதே அளவில், அதே கசங்கலோடு. கீழே ஒரு வரி: "இதைப் போட்டது காட்டெருமை. இதையெல்லாம் அதற்குப் போட்டது யார்? ஊர் சுற்ற வந்தவர்கள்." எழுதியதும் வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியது.

போட்டோ எடுத்து அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் வித்யா.

"மேடம், சாணியாவது பரவாயில்ல. நாப்கின் எல்லாம் எப்படிப் போடறது? இந்தப் பக்கமே வேண்டாம்."

"இருபத்திரண்டு இல்லேன்னா புத்தகத்துல எம் பேரும் வேண்டாங்க."

முதல் புத்தகம். நாற்பத்தேழு வயதில் இன்னொன்று வருமா? வராது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

சோறு அடிப்பிடித்துவிட்டது.

அக்டோபர் 12, ஞாயிறு

சர்ச். பிரசங்கத்தில் மனம் இல்லை. வாசலில் எலிசபெத் அத்தை: "இன்னும் அதத்தான் பொறுக்கீட்டுத் திரியறியா? கைய நல்லாக் கழுவிட்டு வந்தியா?" கழுவினேன் என்றேன். ஆனாலும் கை கொடுக்கவில்லை.

மத்தியானம் வித்யாவின் வாய்ஸ் மெசேஜ், மூன்று முறை கேட்டேன். பக்கம் இருக்கும்! கண் எதற்கும் கிடையாது, முயலுக்கும்! "டூரிஸ்ட் பத்தின அந்த வரி எல்லாருக்கும் பிடிச்சிருக்கு மேடம். பேரன்ட்ஸுக்கு நல்ல மெசேஜ். நாப்கினை மட்டும் எடுத்துட்டு, அந்த இடத்துல எழுத்து தெரியற மாதிரி ஒரு துண்டு வரைங்களேன். என்ன பாக்கெட்டுன்னு குழந்தைங்க படிச்சுக் கண்டுபிடிப்பாங்க." செவ்வாய்க்குள் வேண்டுமாம்.

நல்ல யோசனைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுத்தோடு என்னிடம் துண்டு இல்லை. கண்ணால் பார்க்காததை வரைவதில்லை. நாளைக்கு யாராவது ஒரு கா.எ. மனது வைக்க வேண்டும்.

அக்டோபர் 13, திங்கள்

பனிமூட்டம், பத்தடிக்கு மேல் தெரியவில்லை. எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. எங்கள் வேலிக்கு வெளியிலேயே, ஒத்தக்கொம்பன் போட்டது. அது நடந்து போனதை மணியக்கா பார்த்திருக்கிறார். வாளி பிடிக்கக் கூடவே வந்தார்.

சல்லடையில் பச்சையாக ஒரு துண்டு, உள்ளங்கை அளவு, சுருண்டு. பிரித்தேன். எழுத்து! கறுப்பு. என்ன கம்பெனி என்றுதான் முதலில் பார்த்தேன். இன்னொரு முறை கழுவினேன்.

சிந்தா, குன்

மணியக்காவுக்குப் படிக்க வராது. "எழுத்துங்களா டீச்சர்? எந்தக் கடைதுங்க?"

"தெரியலீங்க மணியக்கா."

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

உள்ளே வந்து இந்த நோட்டைத் திருப்பினேன். ஆறாம் தேதி, என் கையெழுத்து: கூரியர் கவரில் அள்ளி. வாயைக் கட்டித்தான். ஏழாம் தேதி: காற்று கொண்டுபோயிருக்கும். காற்றாம்! உப்பு நெல்லிக்காயை வேறு உள்ளே போட்டு, வாயையும் கட்டிக் கொடுத்திருக்கிறேன். உப்புக்கு அது கவரோடு தின்னாமல் என்ன செய்யும்? அதற்கு "பாவம்" என்றும் எழுதியிருக்கிறேன். "நாசமாய்ப் போகிறவர்கள்" என்ற வரியைப் படிக்க முடியவில்லை. என் மேலேயே அருவருப்பு. கையை நாலு முறை கழுவியாகிவிட்டது. பாதி கவர்தான் வெளியே வந்திருக்கிறது. மீதி?

இவரிடம் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "யாருக்குத் தெரியப்போகுது ஜெசி? தூக்கி வீசிட்டு ஏதாவது பிஸ்கட் பாக்கெட்ட வரஞ்சு அனுப்பு."

தெரியாதுதான். மணியக்காவுக்கே தெரியாது.

அக்டோபர் 14, செவ்வாய்

லேசான வெயில். காலையிலிருந்து வரைந்து பன்னிரண்டுக்கு முடிந்தது. பச்சை சரியாக வர மூன்று தடவை. மார்க்கர் எழுத்து ஓரத்தில் கரைந்திருப்பது, "ன்"னின் புள்ளி பாதி போயிருப்பது, ஒரு பல் பதிந்த இடம். எல்லாம் இருக்கிறது.

கீழே இருந்த வரியை அடித்துவிட்டேன். புது வரி: "இதையெல்லாம் அதற்குப் போட்டது யார்? ஊர் சுற்ற வந்தவர்கள். இந்தப் புத்தகத்துக்குப் படம் வரைந்தவள்."

அனுப்பும் முன்பு வேலிக்குப் போய் மணியக்காவிடம் சொன்னேன். நேற்று சொன்னது பொய், அது என் பேர். அவர் இன்னும் நாலு கொழுந்தைக் கிள்ளிக் கூடையில் போட்டார்.

"நானும் மூட்ட கட்டித்தானுங்க வெக்கறேன். கொரங்குத் தொல்லைக்கு."

சமையலறையில் இன்று மூடி போட்ட வாளி. நேற்றைய காய்த்தோல், இன்றைய காய்த்தோல். வாடை வர ஆரம்பித்துவிட்டது. மழையோ வெயிலோ, தொட்டி வரை நடக்க வேண்டும். செருப்பு தைக்க வேண்டும்.

மூன்று மணிக்கு வித்யாவின் போன். இந்தப் பக்கத்தையே தூக்கச் சொல்லப்போகிறார் என்று தயாராகத்தான் எடுத்தேன்.

"மேடம்," என்றார். "அது என் கையெழுத்து."