கிள்ளைக் கால்வாயில் நீர்நாய்

18.12.2025
மழை விட்டு மூன்றாம் நாள். கீரப்பாளையமே தூங்கும்போது வண்டியை எடுத்தேன். சிதம்பரம் தாண்டிக் கிள்ளைக் கால்வாய். எனக்காகவே காத்திருந்த மாதிரி வெளிச்சம் வந்தது. ஐந்நூறு கொக்குப் படம் எடுத்தேன். சரி, ஐம்பது இருக்கும். ஒன்று இறக்கையை விரித்த நொடியில் விரல் தானாக அமுங்கியது. அந்தச் சந்தோஷத்துக்கு நான் படித்த எட்டாவதே ஜாஸ்தி. முதல் சம்பளத்தில் இந்தக் கேமராவை வாங்கித் தந்த மகள் எழிலரசி நன்றாக இருக்கட்டும்.

20.12.2025
நீர்நாயைப் பார்த்தேன்! சத்தியமாக! எடுத்த கொக்கையே திரையில் பார்த்து என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கினால், மீனைக் கவ்விக்கொண்டு எதிரே நிற்கிறது. கேமராவைத் தூக்குவதற்குள் முழுகிவிட்டது. படத்தில் வெறும் தண்ணீர் வளையம்.

21.12.2025
கலியமூர்த்தி டீக்கடையில் சொன்னேன். அவன் என் மனைவி அமிர்தத்தின் தம்பி, என் மச்சான். நீர்நாய் ஆள் உயரம் என்று சொன்னது தப்புதான்.
"போன வருசம் கொள்ளிடத்துல மொதலைக்குக் கை குடுத்தீங்க. இப்ப நீர்நாயா மாமா?"
கடையே சிரித்தது.
"பொங்கலுக்குள்ள படத்தக் காட்டுங்க. இல்லன்னா இனிமே இந்தக் கடையில நீங்க வாயே தெறக்கக் கூடாது. டீ மட்டும்தான்."
சரி என்று சொல்லித் தொலைத்தேன். பேசாம எனக்கு டீ எறங்குமா?

29.12.2025
ஆறு நாள் போயாச்சு. ஒன்றும் இல்லை.

5.1.2026
இன்றும் இல்லை. மீன்கொத்தி ஒன்று அருமையாக அமைந்தது. அமிர்தம் வெகுநேரம் பார்த்தாள். "இதுக்காகவே போவலாங்க" என்றாள். நாளைக்கும் இட்லி கட்டித் தருவாளாம். வேறென்ன வேண்டும்?

9.1.2026
கால்வாயில் கையால் துழாவி இறால் பிடிக்கும் தைலம்மாள் கேட்டாள்: "யாருகிட்ட அண்ணே பேசறீங்க?"
"நான் பேசவே இல்லியே."
"கொக்குகிட்ட ஒரு கதை, கேமராகிட்ட ஒரு கதை. நான் வந்ததுலேருந்து கேக்கறேன். நீர்நாய்க்கும் காது இருக்குல்ல? நீங்க கெளம்பினதுக்கு அப்புறம்தான் அது தெனம் வருது."
அப்படியா நான்? வீட்டில் கேட்டேன். "தூக்கத்துலயும்தான்" என்கிறாள் அமிர்தம்.

13.1.2026
வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்திலிருந்து எட்டு வரை. நண்டு சேற்றில் நகர்கிற சத்தம், சுரபுன்னை இலையிலிருந்து பனி சொட்டுகிற சத்தம் — இதெல்லாம் இத்தனை நாளும் இருந்ததா? அப்புறம் தண்ணீர் பிளந்தது. ஒன்று. பின்னாலேயே இன்னொன்று. மீசையில் துளி, துளியில் வெயில். கை நடுங்கவே இல்லை. — நடுங்கியது. பதினெட்டுப் படத்தில் ஒன்றுதான் தெளிவு. அது போதும், சாமி. துண்டு நனைந்துவிட்டது. பனியால் இல்லை.

14.1.2026, போகி
படத்தைக் காட்டினேன். கலியமூர்த்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான்.
"மாமா, நெசமாவே நீங்க எடுத்ததா?"
"நாந்தான்." என்றேன்.

18.1.2026
மச்சான் அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு டீத்தூள் டப்பாவுக்கு மேலே மாட்டியிருக்கிறான். நான் போனபோது, பெண்ணாடத்துக் கரும்பு லாரிக்காரர் ஒருவருக்குக் கதை நடந்துகொண்டிருந்தது.
"எங்க மாமா கழுத்தளவு தண்ணியில நின்னு எடுத்தாரு. மொத்தம் அஞ்சு நீர்நாய். ஒண்ணொண்ணும் கன்னுக்குட்டி கணக்கா! படத்துல ரெண்டுதான் வுழுந்துச்சு."
லாரிக்காரர் என் பக்கம் திரும்பினார். "அப்படிங்களா பெரியவரே?"
எனக்கு இப்போது வாய் திறக்க உரிமை உண்டு. டீயை ஊதி ஊதிக் குடித்தேன். நன்றாக இறங்கியது.
ரெண்டுதான். முட்டிகூட நனையவில்லை. இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.