பச்சைக் குழந்தைச் சட்டைக்குத் துணி பார்த்தது

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் எங்கள் வயசுக்கு எவ்வளவு நலமாக இருக்கலாமோ அவ்வளவு நலம். நீயும் மாப்பிள்ளையும் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே தினசரி நினைப்பு. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் மூன்று திருத்தம் போடுகிறாள்.

முதலில் என் மானம் போன கதை. போன மாதம் பெரியம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் என்று அம்மா ஒன்பது நாள் அங்கே போயிருந்தாள் அல்லவா, அப்போது நடந்தது. எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு உள்சட்டை வேண்டும் என்று ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் பனியன் கம்பெனிக்கு ஆர்டர், தலைமை நர்ஸே நேரில் வந்திருந்தார். ஆள் பார்த்தால் எனக்குக் கொம்பு முளைக்கும், உனக்குத்தான் தெரியுமே. மேஜையில் கிடந்த பின்னல் துணித் துண்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டி, ஒன்றைத் தூக்கிப் பிடித்து, இது குழந்தை உடம்புக்கென்றே பின்னியது என்றேன். கட்டிங் மாஸ்டர் மெதுவாக, அண்ணே அது மேஜை துடைக்கிற துணி என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நான்தான் அதிகம் சிரித்தேன். அப்புறம் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு விரலைப் பல்லால் கடித்துப் பார்த்தேன்.

விஷயம் இதுதான் கண்ணு. சர்க்கரையால் என் விரல் நுனியெல்லாம் ஒரு வருஷத்துக்கு மேலாக மரத்துக் கிடக்கிறது. துணியின் எடைக்குத் தராசு இருக்கிறது, சுருங்குகிறதா என்று பார்க்க வாஷிங் மெஷின் இருக்கிறது, இழுத்து விட்டால் பழையபடி திரும்புகிறதா, வெளிச்சத்தில் கோடு தெரிகிறதா, இதெல்லாம் கண்ணே பார்த்துக்கொள்ளும். உடம்பில் பட்டால் எப்படி இருக்கும் என்பதைக் கைதான் சொல்ல வேண்டும், இருபத்தெட்டு வருஷமாக எனக்குச் சம்பளமே அந்தக் கைக்குத்தான். அதனால் ஒரு திருட்டு வேலை செய்தேன். துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவேன், அம்மா காய் நறுக்கும்போது பேச்சுவாக்கில் இது எப்படி இருக்கு என்று நீட்டுவேன். அவள் ஒரு தடவை தடவிவிட்டு, இது சும்மா வழுக்குது, ரெண்டு துவைப்புல சாக்கு மாதிரி ஆயிடும் என்பாள், இல்லாவிட்டால் இதுல எனக்கு ஒரு நைட்டி தைக்கச் சொல்லுங்க என்பாள். மறுநாள் ஆபீசில் அதையே ரொம்ப யோசித்துச் சொல்வதுபோல் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு சொல்வேன்.

அவள் இல்லாத அந்த நாட்களில் அந்த ஆர்டருக்கு இரண்டு ரோல் வந்தது. ஒரே வெள்ளை, ஒரே எடை. மூன்று தடவை துவைத்துப் பார்த்த பிறகே வெட்ட வேண்டும் என்பது நானே சுவரில் எழுதி ஒட்டிய விதி. ஆனால் மேஜைத் துணிச் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை பார், அந்த வீறாப்பில், துவைக்க வேண்டாம், என் கை பார்த்தாச்சு என்று ஒன்றைக் காட்டிவிட்டேன். அறுநூறு சட்டைக்கு வெட்டியும் ஆயிற்று. தையல் பிரிவில் ஒரு அம்மா, கறார் அக்கா என்றுதான் கூப்பிடுவோம், வெட்டிய துண்டு ஒன்றைக் குழாயடியில் மூன்று தடவை அலசிக் காயவைத்துத் தன் மணிக்கட்டில் தேய்த்துப் பார்த்திருக்கிறாள். சிவந்த இடத்தை என்னிடம் நீட்டி, என் தோலுக்கே இப்படின்னா அந்தப் பிஞ்சுக்கு உரிஞ்சு வந்துடாதா, தொட்டுத்தான் பார்த்தீங்களாண்ணே என்றாள். மருந்து போட்டு வழுவழுப்பாக்கிய துணி, தண்ணீரில் மருந்து போனதும் உள்ளே இருந்த முரடு வெளியே வந்துவிட்டது. உனக்கென்ன தெரியும் என்று திட்ட வாயெடுத்தேன். ஒரு சட்டையாவது தைத்து அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் என்று நினைத்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது.

நேரே முதலாளி அறைக்குப் போய் விரல் விஷயம், வீட்டு விஷயம் இரண்டையும் சொல்லிவிட்டேன். அவர், போன வருஷம் பூரா பார்த்தது உங்க வீட்டு அக்காவா, அதான் ஒரு புகாரும் வரல என்றார். வெட்டினதை ஒதுக்கிவிட்டு, துவைத்துப் பார்த்த இன்னொரு ரோலில்தான் சட்டை தைத்து அனுப்பினோம். இனி தொட்டுப் பார்ப்பது கறார் அக்கா, எனக்குத் தராசும் வாஷிங் மெஷினும். வேலையை விட்டு அனுப்பவில்லை, மேஜையை மட்டும் ஜன்னலோரத்திலிருந்து எடுத்து மெஷின் பக்கம் போட்டுவிட்டார்கள். நியாயம்தான். ஆனாலும் யாராவது ரோலைப் பிரித்தால் கை தானாக நீளுகிறது, இழுத்துப் பையில் விட்டுக்கொள்கிறேன்.

அம்மா திரும்பி வந்ததும் அவளிடமும் சொன்னேன். ஒரு வருஷமா என்னை ஓசியில வேலை வாங்கியிருக்கீங்க என்று ஒரு பிடி பிடித்தாள், மறுநாளே டாக்டரிடம் இழுத்துப் போய்விட்டாள். இந்தச் சர்க்கரை நம் குடும்பத்தில் வழிவழியாக வருவது, நீயும் இந்த மாதமே ரத்தம் கொடுத்துப் பார்த்து முடிவை எழுது, வேலை வேலை என்று தள்ளிப் போடாதே. நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், மனசுக்கு நிறைவாக நெடுநாள் வாழ வேண்டும்.

இன்னொன்று, இது உனக்கு மட்டும். மாத்திரை ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது, தினமும் காலையில் அம்மா என் கையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக நகத்தால் அழுத்தி, இது தெரியுதா, இது தெரியுதா என்று கேட்கிறாள். நேற்று பத்து விரலுக்கும் தெரியுது தெரியுது என்றேன், அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவள் எந்த விரலை அழுத்துகிறாள் என்பதையே நான் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா