அனுசியாவுக்கு முகம் வீங்கிய நாட்கள்

ஜூன் 10, திங்கள்

நான் சொல்லுகிறேன், துல்கர்னைன் எழுதுகிறார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டுத்தான். அவருடைய தையல் கடைக்குக் காலையில் ஆள் வராது. "நீரு பேசுத மாதிரி எழுதவா, பேப்பர்ல வருத மாதிரி எழுதவா?" என்றார். பேப்பர் மாதிரியே இருக்கட்டும். வீட்டில் சொல்ல முடியாத ஒன்று நெஞ்சில் கிடக்கிறது.

பேத்தி அனுசியாவுக்கு நாலு வயது. எட்டு நாளாகக் காலையில் கண் திறக்க முடியாதபடி இமை வீங்குகிறது. மூத்திரம் சோப்புத் தண்ணீர் போல நுரைக்கிறது. சனிக்கிழமை மருமகள் ஆனந்தவள்ளியோடு தென்காசிக்குத் தூக்கிப் போனேன். கிட்னி வழியாகப் புரதம் ஒழுகுகிறது என்றார் டாக்டரம்மா. மாத்திரை தந்தார். "பூச்சிமருந்து, களைக்கொல்லி ஏதாச்சும் பிள்ளை தொட்டுச்சா?"

"வீட்டுக்குள்ள ஒண்ணும் கிடையாது மேடம்," என்றாள் ஆனந்தவள்ளி.

நான் வாய் திறக்கவில்லை. அது ஏன் என்று நாளைக்குச் சொல்லுகிறேன்.

ஜூன் 11

இன்றும் சொல்லவில்லை.

ஜூன் 12

காலையில் குச்சி பார்த்தோம். டாக்டரம்மா கொடுத்தது. சிறுநீரில் முக்கினால் நுனி மஞ்சளாகவே நிற்க வேண்டும். பச்சை ஏற ஏறக் கெடுதல். எந்தப் பச்சை எவ்வளவு என்று டப்பாவில் அச்சடித்திருக்கிறது. ஆனந்தவள்ளிக்கு ஒரு பச்சைக்கும் அடுத்த பச்சைக்கும் வித்தியாசம் பிடிபடவில்லை. நான் வயல் மருந்தையெல்லாம் மூடியின் நிறம் பார்த்தே எடுத்துப் பழகியவன். பார்த்ததும் தெரிந்தது. கடைசிக் கட்டம். பாசிப் பச்சை.

"மாமா கண்ணு தப்பாது," என்றாள்.

சரி, எழுதும் துல்கர்னைன். சூரியகாந்தி விதைக்குமுன்னே என் வயலிலும் பக்கத்து வயல்களிலும் புல்லு மருந்து, அதுதான் களைக்கொல்லி, அடித்தேன். பதினோரு நாள். முதுகில் மாட்டும் டேங்கின் மூடி ஒழுகும். வார் தோளை அறுக்காமலிருக்கத் துண்டை மடித்து அடியில் வைப்பேன். அது நனைந்துபோகும். வாய்க்காலில் கை, கால், முகம் கழுவிவிட்டு, அதே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீடு வருவேன். பிள்ளை ஓடிவந்து தோளில் ஏறிக்கொள்வாள். துண்டு நுனியைச் சப்பினால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். ஆறாம் மாதத்திலிருந்து அப்படி.

பதினோரு நாளும் சப்பினாள்.

துல்கர்னைன் பேனாவைக் கீழே வைத்தார். "இத எங்கிட்ட சொல்லி என்னவே ஆவும்? டாக்டர்ட்ட சொல்லும். அந்தம்மா கேக்கத்தானே செஞ்சா?"

"ஆனந்தவள்ளி மூஞ்சிய எப்படிப் பாக்கது?"

"பிள்ள மூஞ்சிய மட்டும் பாத்துருவீரோ?"

ஜூன் 15

சாரல் பிடித்துவிட்டது. குற்றாலத்தில் தண்ணீர் கொட்டுகிறதாம். பிள்ளை அருவிக்குப் போகணும் என்று அழுதாள். இந்த மாத்திரை தின்னும்போது கூட்டத்துக்குள் கொண்டுபோகக் கூடாதாம், சீக்கிரம் தொற்றிவிடுமாம்.

கால் வீங்கிக் கொலுசைக் கழற்ற முடியவில்லை. அமுக்கிப் பார்த்தேன். என் விரல் பதிந்த பள்ளம் அப்படியே நிற்கிறது. ஏலே கிழட்டுப் பயலே, என்னலே செஞ்சு வச்சிருக்க நீ?

ஜூன் 18

பாசிப் பச்சை.

ஜூன் 20, வியாழன்

சொல்லிவிட்டேன், ஆனந்தவள்ளி பக்கத்தில் இருக்கும்போதே.

டாக்டரம்மா திட்டவில்லை. எந்த மருந்து, எத்தனை நாள் என்று கேட்டார். பேர் தெரியாது, சிவப்பு மூடி என்றேன். பதினோரு நாளையும் கிழமையோடு சொன்னேன். எல்லாம் எழுதிக்கொண்டார்.

"இதனாலதான் வந்துச்சுன்னு சொல்ல முடியாது தாத்தா. காரணமே தெரியாம நிறையப் பிள்ளைகளுக்கு இது வருது. இதனால இல்லைன்னும் நான் சொல்ல மாட்டேன். இனி அந்தத் துணி அவகிட்ட வரக் கூடாது."

நீதான் செய்தாய் என்று சொல்லியிருந்தால்கூட எங்கேயாவது போய்த் தலையை முட்டிக்கொண்டிருப்பேன்.

பஸ்ஸில் ஆனந்தவள்ளி ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கியபின் சொன்னாள்: "மருந்து ஊருல எல்லாரும்தான் அடிக்காவ. பால்ல இருந்திச்சோ, பிஸ்கட்ல இருந்திச்சோன்னு நான் மண்டைய உடைச்சுக்கிட்டுக் கிடந்தேன். நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்திய."



ஜூன் 22

குச்சியை ஆனந்தவள்ளியே பார்க்கிறாள். பிள்ளையை என்னிடம் தருவதில்லை. உள்ளேயிருந்து "தாத்தா துண்டு, தாத்தா துண்டு" என்று ஒரே அழுகை. வெறுந்தோளோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 25

பக்கத்து வயல் சங்கரபாண்டி மருந்தடிக்கக் கூப்பிட்டான். இனி இல்லை என்றேன். "ஏன் அண்ணாச்சி, முதுகு வலியா?" என்றான். பிள்ளைக்கு இப்படி என்று சொன்னேன். அவன் வீட்டிலும் கைப்பிள்ளை இருக்கிறது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு போனான்.

குப்பையில் கிடந்த குச்சியை எடுத்துப் பார்த்தேன். காய்ந்தபிறகு நிறத்தை நம்பக் கூடாதாம். இருந்தும் பார்த்தேன். பச்சை மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

ஜூன் 30, ஞாயிறு

நேற்று தையல் கடை பூட்டியிருந்தது. துபாயிலிருந்து துல்கர்னைன் மகன் வருகிறானாம், கூட்டிவரத் திருவனந்தபுரம் போயிருக்கிறார். இந்த நோட்டோடு திரும்பி வந்தேன். ஆனந்தவள்ளி என்ன என்று கேட்டாள். கொடுத்தேன். அடுக்களையில் நின்றபடியே முதலிலிருந்து படித்தாள். திருப்பித் தரவில்லை.

இன்று காலை பேனாவோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். ஒரு கையில் அப்போதுதான் முக்கியெடுத்த குச்சி.

"மொதல்ல இதச் சொல்லுங்க மாமா. மூணு நாளா எனக்கு மஞ்சளாத்தான் தெரியுது. ஆசையில அப்படித் தெரியுதோன்னு பயமா இருக்கு."

வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன்.

மஞ்சள் என்றேன். அவள் எழுதவில்லை. என் முகத்தையே பார்த்தாள். டப்பாவைப் பக்கத்தில் வைத்து இன்னொரு தடவை பார்த்துவிட்டு, மஞ்சள்தான், எழுதும்மா என்றேன்.